யாருடைய நாலு மணி

கல்ஃபுக்குப் போகிறவர்களுக்குப் பாஸ்போர்ட் மனு எழுதித் தருவதுதான் காரிமங்கலத்தில் மஸ்தானின் தொழில். அவர் விமானம் ஏறியதில்லை. பள்ளிக்கூட அட்லஸில் துபாய்க்கும் பம்பாய்க்கும் நடுவே நூலைப் பிடித்து அளந்து, ஏறக்குறைய ஆயிரத்துத் தொள்ளாயிரம் கிலோமீட்டர், மூன்று மணி நேரம் என்பார். போய்வந்தவர்கள் சரி என்றார்கள். நாளடைவில் அவர் பேச்சிலிருந்து 'ஏறக்குறைய' காணாமல் போனது.

எண்பத்தாறு ஏப்ரலில் ஒரு மாலை அப்துல் சுபானின் மனைவி ஹாஜிரா இறந்தார். ஒரே மகன் ஜமீர் துபாயில் இருந்தான். சுபான் டிரங்கால் போட்டுப் பேசினார். "விடியக்காலம் நாலு மணிக்கு ஃப்ளைட்டுங்க அத்தா. பம்பாய் வந்து பெங்களூரு..." என்பதோடு லைன் அறுந்தது.

இறந்தவரின் மய்யித்தைக் காக்க வைப்பது வழக்கமில்லை. நடுப்பகல் லுஹர் தொழுகையோடு அடக்கமா, மாலை அஸர் வரை நிறுத்துவதா? மறுநாள் காலை மஸ்தானைக் கேட்டார்கள்.

துபாய் நேரம் நம் நேரத்துக்கு ஒன்றரை மணி பின்னால் என்பது அவருக்குத் தெரியும். ஆனால் ஜமீரின் கடிதங்களைச் சுபானுக்குப் படித்துக் காட்டுபவரும் அவர்தான். அம்மா தொழுகிற நேரம் தெரிய வேண்டும் என்று தன் வாட்சை ஊர் நேரத்திலேயே வைத்திருப்பதாக அவன் எழுதியிருந்தான். ஆகவே அது நம் நாலு மணி. ஏழுக்குப் பம்பாய், எட்டரைக்கு அடுத்த விமானம், பத்துக்குப் பெங்களூர். அப்புறம் மூன்று மணி நேரம் கார்.

"ஒரு மணிக்கு வூட்டுல இருப்பான்" என்றார். அடக்கம் லுஹருக்கு என்று முடிவானது.

லுஹர் முடிந்தது. ஜமீர் வரவில்லை.

"என்னா பாய், உங்க ஏரோப்ளேன் பாலக்கோடு பக்கம் திரும்பிருச்சா?" என்று ஒருவர் மெல்லக் கேட்டார். "ப்ளேன் லேட்டா இருக்கும். மய்யித்தத் தூக்கலாம்" என்றார் இன்னொருவர்.

மஸ்தான் சுபானிடம் குனிந்தார். "கையில இருக்கற வாட்சைப் பாத்தா நேரம் சொன்னான்?"

"வாட்ச எங்க பாத்தான்? டிக்கெட்டப் பாத்துப் படிச்சான். போன்ல காயிதம் சலசலன்னுச்சு."

டிக்கெட்டில் இருப்பது துபாய் நேரம்; நமக்கு அது ஐந்தரை. எட்டரைக்குப் பம்பாயில் இறங்கியவன் எட்டரை விமானத்தைப் பிடித்திருக்க மாட்டான். அதற்கடுத்தது பதினொன்றுக்கு; பெங்களூர் வரப் பன்னிரண்டரை. விமானம் தாமதம் என்று எல்லாரும் நம்பிக்கொண்டிருந்தார்கள். மஸ்தான் பேசாமல் இருந்திருக்கலாம். மய்யித் வைத்த சந்தூக்கைத் தூக்க ஆட்கள் குனிந்தபோது சொன்னார்.

"நிறுத்துங்க. தப்பு என்னுது. மூணரைக்கு மேலதான் வருவான்."

"காலையில ஒண்ணுன்னீங்க, இப்ப மூணரைங்கறீங்க" என்றார் பள்ளிவாசல் நிர்வாகியான முத்தவல்லி. "எதத்தான் நம்பறது?"

சுபான் சந்தூக்கின் காலைப் பிடித்தபடி தரையில் உட்கார்ந்துவிட்டார். அவர் கையை எடுத்துவிட யாரும் முன்வரவில்லை.

"அஸர் வரைக்கும்" என்றார் முத்தவல்லி. "அதுக்கு மேல ஒரு நிமிசம் கெடையாது."

மூன்றரை தாண்டியது. நாலும் தாண்டியது. மஸ்தான் நெடுஞ்சாலைக்குப் போய், வந்த ஒவ்வொரு காரையும் பார்த்தார். கிருஷ்ணகிரிப் பக்கமிருந்து வந்தவை நிற்காமல் தருமபுரிக்குப் போயின. அஸர் பாங்கு கேட்டுப் பள்ளிவாசலுக்குத் திரும்பினார். தொழுகை முடிந்து சலாம் கொடுத்துத் திரும்பியபோது, கடைசி வரிசையில் பேன்ட்டை மடித்துவிட்டுக்கொண்டு ஜமீர் உட்கார்ந்திருந்தான்.

தாயின் முகத்தைத் திறந்து காட்டினார்கள். பிறகு அவன் முன்பக்கம் தோள் கொடுத்தான்.

மஸ்தானை யாரும் பாராட்டவில்லை. பாராட்டும்படி அவர் எதுவும் செய்துவிடவில்லை என்றே நானும் நினைக்கிறேன். அடக்கம் முடிந்து திரும்பும் வழியில் சுபான் கேட்டார்: "யாரோட நாலு மணின்னு அப்பவே என்னைய ஒரு வார்த்த கேட்டிருக்கலாமில்ல?"

"கேக்கலைங்க" என்றார் மஸ்தான்.