தன் பெயரைத் தானே சொன்னவன்

எங்கள் கென்டக்கியில் அப்போதெல்லாம் ஓட்டு யாருக்கு என்று வாய்விட்டுச் சொல்லவேண்டும். நீதிமன்ற வாசலில் ஊரே நிற்கும். போட்டியிடும் இருவரும் எதிரே உட்கார்ந்து கேட்பார்கள். எழுதிக்கொள்ளும் குமாஸ்தா நான். கடைசியில் அந்த இருவரும் எழுந்து, மரியாதைக்கு ஒருவர் மற்றவர் பெயரைச் சொல்வார்கள். அதை மீறியவன் கிடையாது.

என் தங்கை லவீனியாவின் புருஷன் ஜெப்தா க்ரௌடர், தோல் பதனிடுகிறவன். அவளுக்குப் பிரசவ வலி கண்ட அன்று ஆற்றில் வெள்ளம். ஓடம் வரவில்லை, டாக்டர் அக்கரையிலேயே நின்றுவிட்டார். தாயும் பிள்ளையும் போய்ச் சேர்ந்தார்கள். பாலம் கட்டாமல் ஓயமாட்டேன் என்று சட்டசபைக்கு நின்றான் ஜெப்தா. எதிர்த்து நின்றவர் கர்னல் மோபின். ஓடத்துறையே அவருடையது. பாலம் வர விடுவாரா?

"தோல் நாத்தம் சட்டசபை வரைக்கும் அடிக்குமேடா!" என்றான் ஒரு குசும்பன்.

"அடிக்கட்டும்ணே. மூக்கைப் பொத்திக்கிட்டாவது என் பேரைச் சொல்லுங்க."

என் வேலை கர்னல் போட்ட பிச்சை. அவர் முகத்தைப் பார்த்ததும் என் வாயில் அவர் பெயர்தான் வந்தது. சீ, நானும் ஒரு அண்ணன்!

சாயங்காலம் கர்னல் ஒரே ஓட்டு முன்னால் இருந்தார். அந்த ஒன்று என்னுடையது. அவர் சிரித்தபடி எழுந்து, தொப்பியைக் கழற்றி, "ஜெப்தா க்ரௌடர்" என்றார். இப்போது சமம். பதில் மரியாதை வரும், ஜெயித்துவிடலாம் என்று அவருக்குத் தெரியும்.

"சொல்லு மாப்ள" என்றேன்.

"ஜெப்தா க்ரௌடர்."

என் பேனா நின்றுவிட்டது. "வெக்கங்கெட்டவனே!" என்று ஊரே கூச்சல் போட்டது.

"காதுல விழுந்துச்சுல்ல மச்சான்? எழுது."

தலைநகரில் எல்லா உறுப்பினர் வாசலிலும் பழியாய்க் கிடந்து பாலத்துக்கு ஒப்புதல் வாங்கினான், கட்டியும் முடித்தான். அடுத்த தேர்தலிலும் கர்னல்தான் எதிரே. மரியாதை கெட்டவன் என்று, அதே பாலத்தின் மேல் வண்டி வண்டியாக வந்து ஜனங்கள் அவனைத் தோற்கடித்தார்கள். நான் முதல் ஆளாக அவன் பெயரைக் கத்தினேன். வேலை போயிற்று, போகட்டும்.

கடைசியில் ஜெப்தா எழுந்து தொப்பியைக் கழற்றினான். "கர்னல் மோபின்!"

கர்னலுக்கு முகம் சிவந்துவிட்டது. "இப்ப மட்டும் எங்கேருந்துடா மரியாதை வந்துச்சு?"

"பாலம் வந்துருச்சுங்களே ஐயா. இனிமே எவ்வளவு வேணும்னாலும் தர்றேன்."

சொல்லிவிட்டு, தோலைக் காயப்போட நேரமாயிற்று என்று கிளம்பிவிட்டான். பாலத்தின் நடுவில் கொஞ்ச நேரம் நின்று தண்ணீரைப் பார்த்தான். பக்கத்தில் போய் நிற்க எனக்கு முகமில்லை.