எங்கள் வகுப்பில் நடக்காத கோர்ட் நாடகம்

சாரலில் நனைந்த கயிற்றுக்கு ஒரு நாற்றம் உண்டு. யூனிஃபார்ம் காய்ந்துவிடும், தலைமுடி காய்ந்துவிடும், மணிக்கட்டில் கட்டிய கயிறு மட்டும் ஈரத்தோடேயே கிடந்து புளித்துப்போகும்...

தென்காசியில் நான் ஒன்பதாவது படித்த வருஷம் எங்கள் வகுப்பே அப்படித்தான் நாறும். இன்ன சாதிக்கு இன்ன நிறம். பெயர் தெரியாத பிள்ளையாக இருந்தாலும் கையைப் பார்த்தால் போதும். யாரோடு சாப்பிடலாம், யாருடைய பாட்டிலில் தண்ணீர் குடிக்கலாம் என்று தெரிந்துவிடும். எனக்கு அண்ணன்தான் கட்டிவிட்டான்.

(இந்தக் குரூப்பில் என் பெயர் வேறு. இது அம்மாவின் போன். எல்லாரும் தூங்குகிறார்கள். எழுத்துப்பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.)

அந்த வருஷம்தான் புதிதாக ஓர் இங்கிலீஷ் மிஸ் வந்தார். தற்காலிக வேலை. கடைசி பீரியடில் பழைய அமெரிக்க நாவல் ஒன்றைத் தமிழில் சொல்லுவார். ஒரு சின்னப்பெண் சொல்கிற கதை. அவள் ஊரில் ஒரு கறுப்பினத் தொழிலாளி திருடிவிட்டதாக வெள்ளைக்காரர்கள் பொய்க்கேஸ் போடுகிறார்கள். ஏன் ஒருத்தர்கூட அவனை நம்பவில்லை என்று அவளுக்குப் புரியவே இல்லை.

வகுப்பே அழுதது. நிஜமாகவே.

"மிஸ், அந்த வெள்ளக்காரனுவள ஐந்தருவி உச்சில இருந்து தள்ளி விடணும்" என்றாள் செல்வி. மிஸ்ஸே சிரித்துவிட்டார்.

ஆண்டுவிழாவுக்கு அந்தக் கோர்ட் காட்சியை நாடகமாகப் போடலாம் என்று மிஸ் சொன்னார். "அந்தக் கறுப்பின மனுஷனா யாரு நடிக்கிறீங்க?"

அத்தனை தலையும் ஒரே பெஞ்சைத் திரும்பிப் பார்த்தது. முத்துமாரி உட்கார்ந்திருந்த பெஞ்ச்.

"மாரி நடிக்கட்டும் மிஸ்."

யாரும் யோசித்துச் சொல்லவில்லை. அதுதான் கொடுமை. மாரி நல்ல சிவப்பு. எங்கள் வகுப்பிலேயே கறுப்பு நான்தான். என்னை ஒருத்திகூடப் பார்க்கவில்லை. ஏனென்றால் அவர்கள் பார்த்தது தோலை இல்லை...

மாரி எழுந்து நின்றாள். "நான் வக்கீலா நடிக்கேன் மிஸ். எனக்குச் சத்தமாப் பேச வரும்."

அப்புறம் நான் சொன்னேன், "அந்த ஆளா நான் நடிக்கேன்."

அன்றிலிருந்து நானும் மாரியும் சிநேகிதம். சைக்கிள் ஸ்டாண்டில் ரிகர்சல். "அமெரிக்காவுல ஏதும்மா கயிறு? கழட்டு" என்று மிஸ் சொன்னார். கழற்றி டிபன் பாக்ஸில் வைத்தேன். மாரி என் மணிக்கட்டைப் பிடித்துத் தூக்கிக் காட்டி வாதாடுவாள். "இந்தக் கையில இருக்கது வேலை செஞ்ச அழுக்கு. திருட்டு இல்ல, கனம் கோர்ட்டாரே!"

"கத்தாதட்டி, காது வலிக்கி" என்பேன்.

"குத்தவாளி பேசக்கூடாது, சும்மா நில்லு" என்பாள். சிரித்துச் சாவோம்.

ஒருநாள் மழை வலுத்ததால் அண்ணன் பைக்கில் கூப்பிட வந்துவிட்டான். நான் தலையைக் குனிந்து நிற்கிறேன். மாரி நிமிர்ந்து நின்று என் கையைப் பிடித்திருக்கிறாள். அவன் மாரியைப் பார்க்கவே இல்லை. என் வெறும் மணிக்கட்டைத்தான் பார்த்தான்.

"கயிறு எங்கட்டி?"

அன்றைக்கு வீட்டில் நடந்ததை எழுத மாட்டேன்.

மறுநாள் அப்பா, போலீஸில் இருக்கிற சித்தப்பா, இன்னும் நாலைந்து பேர் ஹெட்மாஸ்டர் அறையில். வராந்தா வரைக்கும் கேட்டது. "எங்க வீட்டுப் பிள்ள கைகட்டி நிக்கணும், அது கையப் பிடிச்சு நியாயம் பேசுமோ? எங்களுக்கு அதுதான் வக்கீலோ?"

நாடகம் நின்றது. மிஸ்ஸை அடுத்த வாரத்திலிருந்து காணோம். மாரியின் அப்பா டி.சி. வாங்கி அவளை ஆலங்குளத்தில் ஒரு ஹாஸ்டலில் சேர்த்துவிட்டார். அமெரிக்காவில் எவனோ ஒருத்தனுக்காக அழுத பிள்ளைகள் ஒருத்திகூட இதற்கு அழவில்லை.

மிச்சக் கதையை நான் பிறகு லைப்ரரியில் தேடிப் படித்தேன். அந்தச் சின்னப்பெண் "ஏன்பா இப்படி?" என்று அவள் அப்பாவிடம் கேட்கிறாள். அவரும் உட்கார வைத்துப் பதில் சொல்கிறார். எனக்கு அந்த ஓர் இடம் மட்டும்தான் கதை மாதிரி இருந்தது. அவள் வளர்ந்து, எல்லாம் முடிந்தபிறகு எழுதுகிறாள். எனக்கு இன்னும் முடியவில்லை.

இப்போது ப்ளஸ் டூ. பள்ளிக்கூடத்தில் கயிறு கட்டக்கூடாது என்று சொல்லிவிட்டார்கள். யார் கையிலும் இல்லை. எல்லாம் வாட்ஸப் டிபிக்குப் போய்விட்டது, பெயருக்குப் பக்கத்தில் அதே நிறத்தில் ஹார்ட்.

மாரியின் நம்பர் இந்தப் போனில் 'டியூஷன் மிஸ்' என்று இருக்கிறது. அவளோடு பேசுவது தெரிந்தால் என் படிப்பு அன்றோடு சரி. மாப்பிள்ளை பார்த்துவிடுவோம் என்று அண்ணன் சொல்லியே இருக்கிறான்.

போன ஞாயிறு சிவகிரி அத்தை சீசனுக்கு வந்திருந்தாள். எல்லாரும் குற்றாலம் போனோம். மெயின் அருவியில் பெண்கள் பக்கம் கூட்டம். அத்தை என் கையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். எதிரே, ஹாஸ்டல் பிள்ளைகளோடு, தலை சொட்டச் சொட்ட மாரி.

பார்த்தாள். நன்றாகப் பார்த்தாள். என் வாய் திறப்பதற்குள் பக்கத்துப் பெண்ணிடம் ஏதோ கேட்டுச் சிரித்துக்கொண்டு, என்னைத் தெரியாதவள்போலக் கடந்து போய்விட்டாள்.

"யாருட்டி அது, உன்னையே பார்த்துட்டுப் போகுது?" என்றாள் அத்தை.

"தெரியல அத்த."

அன்றைக்கு வகுப்பே திரும்பிப் பார்த்தபோது எழுந்து நின்று வக்கீல் வேஷம் கேட்டவள். அவளுக்கும் இப்போது தெரிந்துவிட்டது, எனக்காக எப்படி நடிக்க வேண்டும் என்று...

சற்றுமுன் அவளிடமிருந்து மெசேஜ் வந்தது.

'உங்க அத்த நின்னாவல்லா, அதான் பேசல. கோவமாட்டி? தண்ணி நல்லா விழுந்துச்சுல்லா?'

'கோவம் இல்ல. நல்லா விழுந்துச்சு' என்று அனுப்பினேன்.

அவள் பார்த்துவிட்டாள் என்று தெரிந்ததும் இரண்டையும் அழித்துவிட்டேன்.