பால் குடிக்காத நாள்

1963 மார்ச் 14, வியாழக்கிழமை. ஐந்து மணிக்கு எழுந்து, அம்மா மண்டபப் படித்துறையில் குளித்து, கோயில் வாசலிலிருந்து வண்டி பிடித்து, காவிரிப் பாலம் தாண்டித் திருச்சியில் நான் வேலை பார்த்த காசநோய் ஆஸ்பத்திரிக்குப் போனேன். சிகிச்சையைப் பாதியில் விட நினைக்கும் நோயாளிகளிடம் பேசுவது என் வேலை.

மாடியிலிருந்த பெண்கள் வார்டில் வையம்பட்டிப் பக்கத்துப் பெண் ஒருத்தி நான்கு நாளாகச் சாப்பிடவில்லை. சமயபுரம் மாரியம்மன் ஊருக்காகப் பட்டினி இருக்கும் மாதம் அது. தானும் விரதம் என்றாள்.

"ஆத்தாளுக்கு யாரும் ஊசி போடலம்மா, உனக்குப் போடறோம்" என்று நர்ஸ் கேலி செய்து பார்த்தாள். டாக்டர் என்னிடம், "நாளைக்கும் சாப்பிடலேன்னா அனுப்பிடுவேன். கட்டிலுக்கு எத்தனை பேர் காத்திருக்காங்க தெரியுமில்ல" என்றார். அனுப்பினால் அவள் பிழைப்பது கஷ்டம்.

கட்டிலின் கால்மாட்டில் நின்று பேசுவது எனக்குப் பிடிக்காது. ஸ்டூலை இழுத்து அவளுக்குப் பக்கவாட்டில், ஜன்னலைப் பார்க்க உட்கார்ந்தேன். ஏன் சாப்பிடவில்லை என்றும் கேட்கவில்லை. 'ஏன்' என்றாலே போலீஸ் விசாரணை போல் ஆகிவிடும்.

"உங்க வீட்ல இந்த விரதம் எப்படி இருப்பீங்க?" என்றேன்.

"மோருங்க, பானகங்க. அரிசி ஊற வச்சு இடிச்சு, வெல்லம் போட்டுத் துள்ளு மாவு. எம்பையனுக்கு அதுன்னா உசிரு…"

அங்கேயே நிறுத்திவிட்டாள். ஜன்னலுக்கு வெளியே யாரோ வாளியில் தண்ணீர் இறைத்து முடித்த பிறகுதான் மறுபடி பேசினாள்.

"நாத்தனாரை அம்மாங்கறானாம். போன வாரம் அவரு சிரிச்சிக்கிட்டே சொல்றாரு." பிறகு மெதுவாக, "சாப்பிடாம இருந்தா வீட்டுக்கு அனுப்பிருவாங்கல்லங்க?"

பிள்ளைகளை உள்ளே விடமாட்டார்கள். மூன்று வயதுக் குழந்தையை அவள் பார்த்து ஐந்து மாதமாகிறது. 'பெத்த தாயை மறப்பானா' என்று சொல்ல வாயெடுத்தேன். அவன் மறக்கமாட்டான் என்று எனக்கு எப்படித் தெரியும்? சொல்லவில்லை.

"யாருகிட்டயும் சொல்லிறாதீங்கம்மா. சாமி பேரைச் சொல்லிட்டேன்."

"சொல்லமாட்டேன். பையன் கீழே வந்து நின்னா, வராந்தாவிலேருந்து பார்த்தாப் போதுமா?"

"போதும்னு சொல்ல முடியாதுங்க." யோசித்தாள். "அவன் என்னைப் பாத்தாச் சரி."

அன்று மாலையும் அவள் பால் குடிக்கவில்லை. நான் வற்புறுத்தவில்லை. டாக்டர் அதற்குள் வீட்டுக்குப் போய்விட்டிருந்தார்.

மறுநாள் காலை முதல் வேலையாக, வருகைப் பதிவேட்டில் கையெழுத்துக்கூடப் போடாமல் டாக்டர் அறைக்குப் போய் அனுமதி கேட்டேன்.

"விரதம்னாங்களே, என்ன ஆச்சு? என்ன சொன்னாங்க?"

"அதை அவங்கதான் சார் சொல்லணும். குழந்தையை வராந்தாவிலேருந்து பார்க்க விடுங்க, அது போதும்."

"ஞாயித்துக்கிழமை. மாடிக்கு வரக்கூடாது" என்றார்.

வார்டுக்குப் போய்ச் சொன்னேன். வெள்ளிக்கிழமைதோறும் மார்க்கெட்டுக்குக் காய் கொண்டுவரும் அவள் கணவர் அன்று மாலை வருவார். அவரிடம் சொல்லிவிடலாம் என்றும் சொன்னேன். அவள் தன் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இப்பிடிக் குச்சியா இருந்தா பயந்துருவானுங்க" என்றாள். "கஞ்சி தீர்ந்துபோச்சா, இருக்குங்களா?"

நானே போய் வாங்கிவந்தேன்.