உறைக்குள் இன்னொரு கை

இது கதை இல்லை. எனக்கு நடந்தது. மண்டையைத் திறந்து கட்டி எடுக்கப்பட்டவள், மருந்து மயக்கத்தில் எதையோ பார்த்திருப்பாள் என்று நினைப்பீர்கள். நினைத்துக்கொள்ளுங்கள். என் புத்தி தெளிவாகத்தான் இருந்தது. அதற்கு ஆஸ்பத்திரிக்காரர்களே சாட்சி.

அலெக்சாந்திரியா மீன் சந்தையில் மடவை விற்கிறவள் நான். பேரம் பேசி நச்சரிப்பவனை வாயாலேயே விரட்டுவேன். அப்படிப்பட்டவளைக் கட்டிலோடு கட்டிப் போட்டிருந்தார்கள். இரண்டு கைக்கும் பஞ்சு வைத்த உறை, மணிக்கட்டில் பட்டை. தலையில் செருகிய குழாயைப் பிடுங்கிவிடுவேனாம். வலது பக்கம் மருந்து ஏற்றும் மெஷின். இடது பக்கம் வெறும் சுவர்.

மூளை ஆபரேஷன் முடிந்தால் சிலருக்குப் புத்தி தடுமாறுமாம். அது வராமல் இருக்கத்தான் அந்த மருந்து, சொட்டுச் சொட்டாக. தூக்கமும் இல்லை, விழிப்பும் இல்லை. ஒவ்வொரு ஷிப்டிலும் நர்ஸ் ஷவ்கி பரீட்சை வைக்க வருவான். என் வலது கை உறையைக் கழற்றி, கையைப் பிடித்துக்கொண்டு பத்து அரபி எழுத்துச் சொல்வான். ‘அலிஃப்’ வந்தால் மட்டும் நான் அமுக்க வேண்டும். அப்புறம் கேள்விகள்.

“உம்மு ஹைதம், கடல்ல மீன் இருக்கா?”

“இல்லாமத்தான் இத்தனை வருஷம் கல்லை வித்தேனா?”

“சரி, கல்லு தண்ணியில மிதக்குமா?”

“உன் மூளை மிதக்கும்.”

சிரித்துவிட்டுப் போவான்.

அன்றைக்குச் சாயங்காலம் தேறினால் கட்டை அவிழ்த்து வார்டுக்கு அனுப்புவதாகப் பெரிய டாக்டர் சொல்லியிருந்தார். வெளியே என் மகள் ரீஹாம் காத்திருந்தாள். ஒரு வார்த்தை உளறினாலும் போச்சு. மருந்து கூடும். கட்டு நீளும்.

ரமலான் மாசம். ஆறு மணி எட்டு நிமிஷத்துக்கு ரேடியோவில் நோன்பு திறக்கும் பீரங்கி கேட்டது. நர்ஸுகள் பக்கத்து அறைக்குப் போய்விட்டார்கள். ஷவ்கி மட்டும் என் எதிரே வாசலில் நின்றபடி முகமூடியை இறக்கி, ஒரு பேரீச்சம்பழத்தை வாயில் போட்டுக்கொண்டான்.

அப்போது என் இடது கையை யாரோ பிடித்தார்கள்.

உறைக்குள்ளே.

உறை கழலவில்லை. பட்டை அவிழவில்லை. உள்ளே... என் உள்ளங்கைக்குள் இன்னொரு கை. ஐஸில் போட்ட மீன் மாதிரி ஜில்லென்று. இழுத்துப் பார்த்தேன். விடவில்லை.

காதோரம் மூச்சு. ஸ்ஸ்... ஸ்ஸ்...

“முகமூடியக் கழட்டச் சொல்லு.”

பெண் குரல். தொண்டை கிழிந்த குரல். திரும்பினேன். சுவர்தான்.

ஷவ்கி வாயைத் துடைத்தான். முகமூடியை ஏற்றிக்கொண்டு வந்தான். என் வலது கையைப் பிடித்தான். ஐயோ, கத்த வேண்டும் போல இருந்தது. கத்தினால் இங்கேயேதான் கிடக்க வேண்டும். பல்லைக் கடித்துக்கொண்டேன்.

“மீம்.”

இடது கையில் ஓர் அமுக்கு.

“அலிஃப்.”

வலது கையால் நான் அமுக்கினேன். இடது கையிலும் அமுக்கு.

“தால்.”

அமுக்கு.

“நூன்.”

அமுக்கு... எலும்பு வலித்தது.

பத்து எழுத்துக்கும். ஒன்று விடாமல்.

“கழட்டச் சொல்லு... கழட்டச் சொல்லு...”

“ஏன் இப்படி வேர்க்குது?” என்றான் ஷவ்கி.

“புழுக்கம்.”

“கடல்ல மீன் இருக்கா?”

“இருக்கு.”

முதல் தடவையாக நான் கிண்டல் பண்ணவில்லை. தேறிவிட்டேன். இடது கை உறையையும் கழற்றினான். உள்ளே என் கை மட்டும். புறங்கையின் குறுக்கே நாலு சிவப்புக் கோடுகள். பட்டை இறுக்கியிருக்கும் என்றான்.

நோன்புப் பெருநாள் கழித்துத் தையல் காட்டப் போனபோது வராந்தாவில் ஷவ்கி நின்றான். அந்தக் கட்டிலில் எனக்கு முன்னால் யார் இருந்தது என்று கேட்டேன். தயங்கித் தயங்கிச் சொன்னான்.

மயங்கி விழுந்த ஒரு அம்மாளை அக்கம்பக்கத்தார் கொண்டுவந்து சேர்த்தார்களாம். ஆபரேஷன் ஆனது. தொண்டையில் குழாய், பேச முடியாது. கையும் கட்டு. பரீட்சையில் பத்து எழுத்துக்கும் அமுக்குவாளாம். புத்தி தடுமாறிவிட்டது என்று மருந்தைக் கூட்டிக்கொண்டே போனார்கள். கடைசியில் சளி கட்டி இறந்துபோனாள். உடலை வாங்க அவள் மகன் கப்பல் வேலையிலிருந்து வந்து சொன்னானாம்... அம்மாவுக்கு இடது காது சின்ன வயசிலிருந்தே கேட்காது என்று. ஆபரேஷன் பண்ணியது வலது காதுக்குப் பின்னால். அந்தக் காதும் அதோடு போயிருக்கிறது.

“புத்தி நல்லாத்தான் இருந்திருக்கு,” என்றான்.

காது கேட்காதவள் எதிரில் இருப்பவன் வாயைத்தானே பார்ப்பாள்? எந்த எழுத்து என்று தெரியாமல், முகமூடி அசைந்தபோதெல்லாம் அமுக்கியிருக்கிறாள். அந்த அறையில் நோன்பு திறக்கும் நேரத்தில் மட்டும்தான் ஒரு வாய் வெளியே தெரியும்.

“இப்ப அந்தக் கட்டில்ல யாரு?”

“ஒரு சின்னப் பொண்ணு. பரீட்சையில தேறவே மாட்டேங்குது. முகமூடியக் கழட்டு, முகமூடியக் கழட்டுன்னு ஒரே கத்தல்.”

ஷவ்கி முகமூடியைச் சரிபண்ணிக்கொண்டான்.

“நேத்துதான் மருந்தக் கூட்டியிருக்கோம்.”