முதல் பக்கம் மட்டும் வந்தது

அலுவலகத்தில் அவளுக்குப் பெயர் பிரிண்டரம்மா. அவள் அறையில் பிரிண்டர் கிடையாது. படிக்கட்டுக்கு அடியில் ஒரு மேசை, ஒரு கருப்புத் திரை, அவ்வளவுதான். எல்லா மாடி பிரிண்டர்களும் அந்தத் திரையில் அவள் தட்டும் ஒற்றை வரிக்குக் கட்டுப்பட்டுக் கிடந்தன. யார் எதை அச்சுக்கு அனுப்பினாலும் கோப்பின் பெயரோடு வரிசையில் வந்து நிற்கும். ஒரு வரி தட்டினால் நிற்கும், இன்னொன்று தட்டினால் போகும், மூன்றாவது தட்டினால் அடையாளமே இருக்காது. பிரிண்டரைக் கையால் அடிக்கிறவர்களின் தாள்களைக் கொஞ்சம் காக்க வைப்பாள். மெஷினுக்கு மூடு சரியில்லை என்று அவர்கள் புலம்புவதைக் கேட்பதில் அவளுக்கு அலாதி சுகம்.

மூன்றாம் மாடியில் அவள் கணவனுக்கு வேலை. போன வாரம் அவள் தங்கையின் எதிரில் வாய்க்கு வந்ததை உளறிவிட்டான். "இவளுக்கு என்ன வேல? பிரிண்டர் தானா அடிக்குது, இவ சம்பளம் வாங்குறா." அன்றோடு பேச்சு நின்றது. அவனாக வந்து பேசும்வரை வாயைத் திறப்பதில்லை என்று அவள் உறுதியாக இருந்தாள். அவனும் லேசுப்பட்டவன் இல்லை.

இன்று காலை டைரக்டர் அறையில் அவனுக்கு மீட்டிங். அங்கிருந்த பிரிண்டருக்கு அறிக்கையை அனுப்பினான். கீழே அவள் அதை நிறுத்தி வைத்தாள். மறுபடி அனுப்பினான். அதையும் நிறுத்தினாள். அவனுக்கு விஷயம் புரிந்துவிட்டது; அறிக்கையின் பெயரை மாற்றி மாற்றி அனுப்பத் தொடங்கினான். அடுத்து வந்த கோப்பின் பெயர், 'கோபமா'. அவள் அசையவில்லை. 'சரி விடு' வந்தது. விடுவாளா? கடைசியில் வந்தது, 'தப்பு என் மேலதான் தாயே'.

அவளுக்கு உச்சி குளிர்ந்தது. போகட்டும் என்று தட்டினாள். தட்டிய விரல் எழும்பும் முன்பே அவளுக்கு அது நினைவு வந்தது. ஒருவர் தாளை இன்னொருவர் தூக்கிப் போகாமலிருக்க, கோப்பின் பெயரைக் கொட்டை எழுத்தில் போட்டு முதலில் ஒரு முகப்புத் தாள் வரும்படி அவள்தானே செய்து வைத்திருந்தாள்! அவசரமாக அந்த பிரிண்டரின் வரிசை மொத்தத்தையும் அழித்துவிட்டு மாடிக்கு ஓடினாள்.

முகப்புத் தாள் அதற்குள் டைரக்டர் கையில் இருந்தது.

"ஏங்க, அதப் புடுங்குங்க!" என்று வாசலிலேயே கத்திவிட்டாள்.

கணவன் முகம் பூவாய் மலர்ந்தது. "மொதல்ல பேசினது நீதான்."

அவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள். தோற்றது வலித்தது, அவன் குரலைக் கேட்டது இனித்தது.

டைரக்டர் தாளைப் புரட்டிப் பார்த்தார். "நல்லா எழுதியிருக்கீங்க தம்பி. எங்க வீட்டுக்கும் ஒரு காப்பி வேணும். அது சரி, அறிக்கை எங்க?"

கணவன் பிரிண்டரைப் பார்த்தான். அது சும்மா இருந்தது. மனைவியைப் பார்த்தான்.

"அழிச்சுட்டேன்" என்றாள். "திரும்ப அனுப்புங்களேன். அதான் தானா அடிக்குமே!"

அவன் டைரக்டரைப் பார்த்தான், தொண்டையைச் செருமினான், அந்தக் கொட்டை எழுத்தில் இருந்ததை, 'தாயே' உட்பட, வாய்விட்டுச் சொன்னான்.