அண்ணி கவுன்சிலரான வருஷம்

கல்யாணமான ஐந்தாவது மாதம், ஒரு பெட்டியோடு பிறந்த வீட்டுக்கே வந்துவிட்டேன். அவர் கை நீட்டியதை அம்மாவிடம் சொன்னேன். அம்மா அழுதார். எனக்கு அழுகை வரவில்லை. கல்யாணத்துக்காக விட்ட பீளமேட்டு வேலையைப் பற்றிய நினைப்பும் இல்லை. படுத்தே கிடந்தேன்.

அந்த வருஷம்தான் எங்கள் வார்டைப் பெண்களுக்கு ஒதுக்கினார்கள். தான் நிற்க முடியாததால் அண்ணன் அண்ணியை நிறுத்தினான். அண்ணி ஜெயித்தார். ஆனால் ஊர் கவுன்சிலர் என்று கூப்பிட்டது அண்ணனைத்தான். ஃபோனும் அவனிடம்தான் இருந்தது. அண்ணி கையெழுத்து மட்டும் போடுவார்.

ஒரு நாள் காலை குடிதண்ணீரில் சாக்கடை கலந்து வந்தது. பெண்கள் எங்கள் வாசலில் கூடிவிட்டார்கள். இரண்டு நாளில் சரியாகிவிடும் என்று அண்ணன் சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தான். அடுப்பை அணைத்துவிட்டு அண்ணி வெளியே வந்தார்.

"நீங்க உள்ள போங்க. ஓட்டு எனக்குத்தானுங்களே போட்டாங்க," என்றார். குரல் உயரவில்லை.

அண்ணனின் முகம் கறுத்தது. அண்ணி ஒரு பாட்டிலில் அந்தத் தண்ணீரைப் பிடித்துக்கொண்டு, என்னை ஸ்கூட்டரை எடுக்கச் சொன்னார். கார்ப்பரேஷன் ஆபீசில் அதிகாரி வெளியே போயிருந்தார். உட்காரச் சொல்லியும் உட்காராமல் அவர் அறைக்கு முன்னாலேயே அண்ணி நின்றார். பாட்டிலை இரண்டு கையாலும் பிடித்திருந்தார், விரல்கள் நடுங்கின. அதிகாரி வந்ததும் அதை மேசைமேல் வைத்து, இன்றைக்கே ஆள் அனுப்பச் சொன்னார். சாயங்காலம் குழாயைத் தோண்டினார்கள். தெருவே சந்தோஷப்பட்டது. எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. அந்த விரல்கள் மட்டும் கண்ணிலேயே நின்றன.

அடுத்த வாரம் மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். இனி அப்படி நடக்காது, கூட்டிப் போகிறோம் என்றார்கள். அண்ணன் தலையாட்டினான். என்னை யாரும் கேட்கவில்லை.

"நான் வரலீங்க," என்றேன்.

மாமியார் அம்மாவின் பக்கம் திரும்பி, நீங்களாவது எடுத்துச் சொல்லுங்கள் என்றார். என்னைத் திருப்பி அனுப்பவேண்டும் என்றே அதுவரை அழுதுகொண்டிருந்தவர் அம்மா.

"அவதான் சொல்லிப்போட்டாளுங்களே," என்றார்.

காப்பியைத் தொடாமலே அவர்கள் எழுந்து போனார்கள். ஜெயித்த மாதிரியோ தப்பித்த மாதிரியோ எனக்கு இருக்கவில்லை. அண்ணன் பல நாள் என்னோடும் பேசவில்லை, அண்ணியோடும் பேசவில்லை. அண்ணி அதைப் பொருட்படுத்தாமல் வார்டு வேலைகளுக்குப் போய்வந்தார்.

இப்போது பீளமேட்டில் வேறொரு கம்பெனியில் வேலை பார்க்கிறேன். விவாகரத்து வழக்கு நடக்கிறது. கோர்ட்டுக்குப் போகும் நாட்களில் அம்மாவும் கூட வருகிறார். காந்திபுரத்தில் இறங்கிப் பஸ் மாறுகிறோம்.