காலரில் இருந்த விலாசம்

முதலியார்பேட்டையில் எனக்கு ஒரு தகரக் கொட்டகை இருந்தது. பழைய துணி வாங்குவேன். வெட்டி, மூட்டை கட்டி, கம்பெனிகளுக்குப் போடுவேன். மெஷின் துடைக்க, எண்ணெய்க் கை துடைக்க. வேஸ்ட் துணி என்பார்கள். எனக்கு அதுதான் சோறு.

மூன்று பெண்கள் அரிவாள்மணை முன்னால் உட்கார்ந்திருப்பார்கள். பொத்தானை அறுக்க வேண்டும். ஜிப்பை எடுக்க வேண்டும். ஒரு பொத்தான் தப்பினாலும் மெஷினில் கீறல் விழும். கீறல் விழுந்தால் மூட்டை திரும்பி வரும். அதனால் பொத்தானில் மட்டும் நான் கறார்.

வெட்டுகிறவர்கள் சும்மா வெட்ட மாட்டார்கள். பேசுவார்கள். என்ன பேச்சு? துணியைப் பற்றித்தான். சலவைக்குப் போன சட்டையில் காலருக்கு உள்ளே ஒரு குறி இருக்கும். அழியாத மையில் புள்ளி, கோடு, சுழி. வீட்டுக்கு ஒரு குறி. அந்தக் குறியை வைத்துப் பார்க்காத மனிதர்களை எல்லாம் இவர்களுக்குத் தெரியும்.

"ரெண்டு கோடு வீட்டுல பையனுக்கு வேலை கெடச்சிருக்கு. பாரு, கலர் சட்டையெல்லாம் தூக்கிப் போட்டுட்டான்."

"சுழி வீட்டம்மா நைட்டிக்கு மாறிட்டாங்க. பொடவையா வருது."

மூவரில் மூத்தவளுக்குப் பிடித்தது 'மூணு புள்ளி வாலு'. மூன்று புள்ளி, கீழே ஒரு வால். ரெட்டியார்பாளையத்துத் துணி. அந்த வீட்டு ஆளின் பேண்ட் வந்தால் இரண்டு கையால் விரித்துப் பிடிப்பாள்.

"மூணு புள்ளிக்காரரு இந்த வருசமும் பெருத்துட்டாரு. பொண்டாட்டி நல்லா ஆக்கிப் போடறா."

இரண்டு வருடமாக அந்த ஆளின் இடுப்பு எங்கள் கொட்டகையில் வளர்ந்துகொண்டிருந்தது.

இரண்டாயிரத்துக்கு மேல் ஐந்தாறு வருடம் ஆகியிருக்கும். பம்புக்குப் பாகம் செய்து வெளிநாட்டுக்கு அனுப்பும் கம்பெனி ஒன்று. என் மூட்டையில் பாதிக்கு மேல் அங்கேதான் போகும். அங்கிருந்து பர்ச்சேஸ் ஆபீசர் ஒருவர் பைக்கில் வந்து இறங்கினார். முப்பது, முப்பத்திரண்டு வயது. கையில் ஃபைல். அதுவரை அவரை நான் பார்த்ததில்லை. மூட்டையைக் கம்பெனி கேட்டில் இறக்கிவிட்டு அப்படியே திரும்புவேன்.

"அம்மா, இந்தத் துணி எங்கேருந்து வருது?"

"வீட்டுலேருந்து."

"எந்த வீடு?"

"எல்லா வீடும்தான்."

எழுதினார். எழுதியதையே அடித்தார்.

பிறகு விளக்கினார். வெளிநாட்டுக்காரர் புதிதாகச் சட்டம் போட்டிருக்கிறார். கம்பெனிக்குள்ளே வரும் இரும்பு, எண்ணெய், அட்டைப்பெட்டி, துடைக்கிற துணி வரைக்கும் எங்கே கிளம்பியது என்று தெரிய வேண்டும். நடுவில் யாரையும் ஏமாற்றவில்லை, யாருக்கும் கெடுதல் இல்லை, மண்ணும் தண்ணீரும் கெடவில்லை என்று காட்ட வேண்டும்.

"பொறுப்பா வாங்கணும், அவ்வளவுதாம்மா."

"இத்தினி நாளு பொறுப்பில்லாம வாங்கினீங்களா சார்?" என்றாள் மூத்தவள்.

அவர் ஃபைலைப் புரட்டினார். எண்பது கேள்வி இருந்தது.

"கழிவை என்ன பண்றீங்க?"

"உங்களுக்கு அனுப்பறேன்."

அதையும் எழுதி, அதையும் அடித்தார்.

கடைசியில் ஒரு கேள்வியில் நின்றார். ஆஸ்பத்திரித் துணி கலக்கக் கூடாது. துடைக்கிறவன் கைக்கு நோய் வரும்.

"கலக்கலை," என்றேன்.

"சொன்னா போதாது. காட்டணும்."

இல்லாததை எப்படிக் காட்டுவது? அவருக்கும் தெரியாது என்று முகத்தில் தெரிந்தது.

"வியாழக்கிழமை அங்கேருந்து ஆள் வர்றாங்க. காட்ட முடியலைன்னா உங்க பேரை லிஸ்ட்லேருந்து எடுத்துடுவாங்க. அப்புறம் இதைத்தான் வாங்கணும்."

பையிலிருந்து ஒரு பேப்பர் உருளையை எடுத்தார். பாலிதீன் உறையில் வெள்ளையாக இருந்தது. கப்பலில் வருமாம். ஒரு முறை துடைத்தால் எறிந்துவிட வேண்டுமாம்.

"இது எதுலேருந்து வருது சார்?" என்றாள் மூத்தவள்.

"மரத்துலேருந்து."

"எந்த மரம்?"

அவர் ஃபைலை மூடினார்.

நான் சிரிக்கவில்லை. அந்தக் கம்பெனி போனால் மூன்று அரிவாள்மணையில் இரண்டு சும்மா கிடக்கும். எழுந்து போ என்று யாரிடம் சொல்வது? மூவரில் ஒருத்திக்குப் புருஷன் இல்லை. ஒருத்திக்கு இருக்கிறான், இல்லாமல் இருந்தால் தேவலை. மூத்தவளுக்கு வேறு வேலை தெரியாது.

"ஞாயித்துக்கிழமை வாங்க சார். காட்டறேன்," என்றேன். எதைக் காட்டுவேன் என்று அப்போது தெரியாது.

எனக்குத் துணி தருகிறவள் அரியாங்குப்பத்துக்காரி. தலையில் எவர்சில்வர் பாத்திரக் கூடை. தெருத் தெருவாகப் போய், பழைய துணிக்குப் பாத்திரம் மாற்றுவாள். அவளிடம் ஒரு ஒழுங்கு உண்டு. ஒரு தெருத் துணியை ஒரு புடவையில் முடிந்து கொண்டு வருவாள், கலக்க மாட்டாள். அந்த முடிச்சோடுதான் எனக்குக் கொடுப்பாள்.

ஞாயிற்றுக்கிழமை ஆபீசர், துணி எங்கே வாங்கியது என்று எழுதிக் கையெழுத்துப் போடும் பாரத்தை அவளிடம் நீட்டினார்.

"இதுல ஒரு கையெழுத்துப் போடுங்கம்மா."

"போட மாட்டேன் தம்பி. எங்கண்ணன் ஒரு தடவ போட்டான். பாகம் போயிடுச்சி."

"இது நிலத்துக்கு இல்லம்மா."

"கையெழுத்து வாங்கினவனும் அப்பிடித்தான் சொன்னான்."

வேண்டுமானால் கூட நடந்து வந்து பார்த்துக்கொள் என்றாள். ஆபீசர் நடந்தார். நானும் நடந்தேன். வெயில் ஏற ஏற ஃபைல் அவர் தலைக்குப் போனது. மூன்றாவது தெருவில் பாத்திரக்காரி, "சும்மாத்தான வர்ற?" என்று ஒரு முடிச்சை அவர் தோளில் வைத்தாள். தூக்கிக்கொண்டார்.

ஒரு வீட்டில் ஒரு அம்மாள் இரண்டு பேண்டும் ஒரு போர்வையும் வைத்து டபரா செட் கேட்டாள். இவள் டபராவை மட்டும் நீட்டினாள். பேரம் நடந்தது. ஆபீசர் உள்ளே புகுந்தார்.

"நீங்க விருப்பப்பட்டுத்தான குடுக்கறீங்க?"

"யார்றா இவன்?" என்றாள் அம்மாள். "போர்வைய வாங்கிக்கினு டபராவ மட்டும் நீட்றா. இதுல விருப்பம் எங்க இருக்கு? அநியாயம்னு எழுதிக்கோ."

எழுதிக்கொண்டார். யாரையும் ஏமாற்றவில்லை என்ற கட்டத்துக்கு எதிரே பேனா கொஞ்ச நேரம் நின்றது.

அடுத்த தெருவில் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்கும் பெரியவர் ஒருவர். பாரம் என்றதும் முகம் மலர்ந்தது. மூக்குக்கண்ணாடியை எடுத்து வந்தார். முழுவதும் படித்தார். எழுத்துப் பிழை ஒன்று கண்டுபிடித்தார்.

"வருசா வருசம் நான் உசுரோட இருக்கேன்னு பிரான்சுக்குக் காயிதம் அனுப்பறேன் முசியே. என் பேண்ட்டு உசுரோட இல்லன்னு ஒரு காயிதம் குடுக்க மாட்டனா?" 'சார்' என்பதற்கு அவருக்கு 'முசியே'தான்.

பக்கத்துக்கு ஒன்றாகக் கையெழுத்துப் போட்டார். கீழே கோடு போட்டார். "எனக்கு இந்தப் பாரத்துல ஒரு காப்பி வேணும்," என்றார்.

அன்று கிடைத்த கையெழுத்துக்காரர் அவர் ஒருவர்தான். மற்றவர்கள் ரேஷன் கார்டு சோதிக்க வந்த ஆள் என்று நினைத்துக் கதவைச் சாத்திவிட்டார்கள். ரெட்டியார்பாளையம் போகலாமா என்றாள் பாத்திரக்காரி. ஆபீசர் வேண்டாம் என்றார். அவர் வீடு அந்தப் பக்கம்தானாம். முடிச்சோடு யாராவது பார்த்தால் என்ன நினைப்பார்கள்?

வியாழக்கிழமை வெளிநாட்டு அம்மாள் வந்தாள். கறுப்புச் செருப்பு, தோள்பை, வியர்வை. தரையில் எங்களோடு குந்தி உட்கார்ந்தாள். அது எனக்குப் பிடித்தது. ஆபீசர் இங்கிலீஷில் பேசினார். ஒற்றைப் பாரத்தை எடுத்துக் காட்டினார். அம்மாள் பார்த்தாள், உதட்டைப் பிதுக்கினாள். ஒரு பேண்டுக்குப் பாரம் இருக்கிறது. கொட்டகை முழுக்கத் துணி இருக்கிறது.

அந்த நேரத்தில் பென்ஷன் பெரியவர் உள்ளே வந்தார். பாரத்தின் காப்பியை வாங்க வந்திருந்தார். ஆபீசர் அதை மறந்திருந்தார். பெரியவர் அம்மாளிடம் பிரெஞ்சில் ஏதோ சொல்ல, அம்மாள் முகம் விரிந்தது. அவளுக்கும் அதுதான் வீட்டுப் பாஷையாம். அப்புறம் ஆபீசரைப் பார்த்துப் பேசுவதை நிறுத்திவிட்டாள்.

பெரியவர் என் பக்கம் திரும்பினார். "ஆஸ்பத்திரித் துணி இல்லன்னு உனக்கு எப்படித் தெரியும்னு கேக்கறாங்க."

நான் பதில் யோசிக்கவில்லை. குவியலில் கைவிட்டு ஒரு சட்டையை எடுத்தேன். காலரைப் புரட்டினேன்.

"இது ரெண்டு கோடு. மார்க்கெட்டுக்குப் பின் தெரு."

இன்னொன்று எடுத்தேன். "இது சுழி. பக்கத்துத் தெரு. குறி இல்லாததும் வரும். அது எந்தத் தெருன்னு முடிச்சு சொல்லும். ஆஸ்பத்திரித் துணியில முத்திரை இருக்கும். ரெண்டு தடவ வந்துச்சி. திருப்பி அனுப்பிட்டேன்."

பெரியவர் அதைப் பிரெஞ்சில் சொன்னார். அம்மாள் சட்டையை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தாள். இன்னொன்று கேட்டாள். மூத்தவள் உற்சாகமாகிவிட்டாள். தன் பக்கத்துக் குவியலிலிருந்து ஒரு பேண்டை எடுத்து விரித்தாள்.

"இது எங்க மூணு புள்ளிக்காரரு! ரெட்டியார்பாளையம். வருசத்துக்கு ரெண்டு இஞ்ச் பெருக்கறாரு. அடுத்த தீவாளிக்கு வேட்டிதான்!"

"இதெல்லாம் வேண்டாம்," என்றார் ஆபீசர்.

பெரியவர் ஒரு சொல் விடாமல் மொழிபெயர்த்தார். கையால் வயிற்றையும் காட்டினார். அம்மாள் சிரித்தாள். பேண்டில் குறி எங்கே என்று கேட்டாள். இடுப்புப் பட்டியின் உள்ளே என்று காட்ட ஆபீசர் குனிந்தார். குனிந்ததும் அவர் சட்டைக் காலர் பின்னால் விலகியது.

மூத்தவள் வாய் திறந்தபடி நின்றாள்.

"அக்கா," என்றாள் என்னிடம். குரல் இறங்கியிருந்தது. "மூணு புள்ளி. வாலு."

ஆபீசர் நிமிர்ந்தார். பேண்டைப் பார்த்தார். திருப்பினார். பின் பாக்கெட்டில் ஒரு தையல் போட்டிருந்தது. அந்தத் தையல் அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

"இது என் பேண்ட்."

அவரே தமிழில் சொன்னதால் பெரியவர் அதையும் மொழிபெயர்த்தார்.

அம்மாள் பேண்டைப் பார்த்தாள், அவர் இடுப்பைப் பார்த்தாள். பிறகு சிரித்தாள். வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள், பொத்தியும் நிற்கவில்லை. ஃபைலை அவளே வாங்கினாள். துணி எங்கிருந்து வருகிறது என்ற கட்டத்தில் ஏதோ எழுதினாள். ஆபீசர் எட்டிப் பார்த்துக் காது சிவந்தார்.

"என்னா எழுதியிருக்கு?" என்று பெரியவரிடம் கேட்டேன்.

"வீடு வரைக்கும் தெரியுதுன்னு எழுதியிருக்காங்க."

என் பேர் லிஸ்டில் நின்றது. மூன்று அரிவாள்மணையும் நின்றது. அம்மாள் இரண்டு நிபந்தனை போட்டாள். ஒன்று, மூட்டைக்கு மூட்டை குறியை நோட்டில் வரைந்து வைக்க வேண்டும். வரைவது எனக்குச் சுலபம், எழுதுவதுதான் கஷ்டம். இரண்டு, தூசுக்கு முகமூடியும் கைக்கு உறையும் போட வேண்டும். உறையைப் போட்டால் துணி கையில் தெரியவில்லை, அதை ஆணியில் மாட்டி வைத்தோம். முகமூடியைப் போட்டோம். மூவரில் கடைசியாக உட்காருகிறவளுக்கு இரண்டு வருட இருமல் இருந்தது. அது குறைந்தது. சட்டம் போட்டவர்களை நான் குறை சொல்ல மாட்டேன்.

அன்று எல்லோரும் கிளம்பிய பிறகு ஆபீசர் மட்டும் வாசலில் நின்றார்.

"அம்மா, ஒரு கட்டம் போட்ட சட்டை. நீலக் கட்டம். என் வீட்டுல இஸ்திரிக்காரர் தொலைச்சிட்டார்னு சொன்னாங்க. நான் அவர்கிட்ட சண்டையே போட்டுட்டேன்."

மூத்தவளைப் பார்த்தேன். அவள் மூக்கைச் சொறிந்தாள்.

"நல்ல துணி சார் அது. போன வாரம் வெட்டினேன்."

"எங்க போச்சு?"

"உங்க கம்பெனிக்குத்தான்."

அவர் தன் உள்ளங்கையைப் பார்த்தார். எத்தனை முறை அதில் கை துடைத்தாரோ.

"இஸ்திரிக்காரர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிடுங்க சார்," என்றேன். தலையாட்டிவிட்டு பைக்கை உதைத்தார்.

நாலைந்து மாதம் மூன்று புள்ளித் துணி வரவே இல்லை. நோட்டில் அந்தக் குறிக்கு விட்ட இடம் காலியாகவே இருந்தது. மூத்தவளுக்கு அது ஒரு குறைதான். பிறகு ஒருநாள் ரெட்டியார்பாளையத்து முடிச்சை அவிழ்த்தாள். மேலேயே ஒரு பேண்ட். இரண்டு கையால் விரித்தாள். கை போதவில்லை. என்னைப் பார்த்தாள்.

"பொத்தான அறு," என்றேன்.